ஆடி முடித்தபின்

இலக்கியம் பேசுகிற இடத்தில் விளையாட்டைப் பற்றி எழுத வருவதில் எனக்கே சிறிது கூச்சமுண்டு. பள்ளி நாட்களில் உடற்பயிற்சி வகுப்பு வந்தால் தலைவலி என்று சொல்லி நூலகத்துக்குள் ஒதுங்கியவன் நான். கல்லூரியில் தமிழ் கற்பிக்க வந்து இருபது ஆண்டுகளாகின்றன. எங்கள் மைதானத்தின் ஓரமாக நடந்து போயிருக்கிறேனேயன்றி நின்று ஓர் ஆட்டத்தைப் பார்த்தவனல்லன். ஆனால் ஒரு கேள்வியை நான் ஒரு மாணவனிடம் கேட்டுவிட்டேன். அதற்கான விடையைத் தேடிப்போனபோது எதிர்ப்பட்ட ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லாமல் அந்தக் கேள்வியை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.

அந்த மாணவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் இளங்கலைத் தமிழுக்கு வந்தவன். கபடி வீரன். எந்தத் துறையில் இடம் மிச்சமிருக்கிறதோ அங்கே இத்தகைய மாணவர்களைச் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரும்பாலும் அது தமிழ்த்துறையாகவே இருக்கும். இரண்டாமாண்டில் ஒருநாள் உடற்கல்வி இயக்குநரின் கையொப்பமிட்ட ஓ.டி. கடிதத்தோடு வந்து நின்றான். மண்டலப் போட்டி, நான்கு நாட்கள். அதற்கு முந்தைய மாதமும் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தது. நான் கடிதத்தை வாங்காமலே கேட்டேன்: "சரி, ஆடு. ஆடி முடித்தபின் என்ன செய்வாய்?"

"போயிட்டு வந்து எல்லாத்தையும் எழுதிடறேங்க ஐயா" என்றான். நான் கேட்டது அந்த நான்கு நாட்களைப் பற்றியன்று. அது அவனுக்கும் புரிந்திருந்தது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். அன்று அவனைத் திருப்பியனுப்பினேன். அவன் போட்டிக்குப் போனான்; வருகைப் பதிவேட்டில் நான் நான்கு நாட்களுக்கும் 'வரவில்லை' என்று போட்டேன். விதிப்படி அதில் பிழை சொல்ல முடியாது. பருவ முடிவில் வருகை நாட்கள் குறைந்து அவனால் தேர்வெழுத முடியாமற் போயிற்று. அடுத்த பருவத்தில் அவன் வரவேயில்லை.

கால்கரி நகரில் வாழும் என் கல்லூரிக்கால நண்பர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்று அவர் சொல்வாரென எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நீ கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் ஒருவர் ஐம்பது வருடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், படித்துப்பார்" என்றார். அவர் சொன்ன பெயர் நார்மன் குவாங்.

*

முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். கனடியக் கால்பந்துக்குப் பெயரில்தான் கால். நீள்முட்டை வடிவப் பந்து பெரும்பாலும் கையிலும் மார்பிலுமே இருக்கும். பக்கத்துக்குப் பன்னிருவர், ஆடுகளத்தின் நீளம் 110 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணி மூன்று வாய்ப்புகளுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மீண்டும் மூன்று வாய்ப்புகள் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகளிலேயே முயன்று பார்ப்பார்கள். மூன்றாவதில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். அமெரிக்க ஆட்டத்தில் வாய்ப்புகள் நான்கு, ஆட்டக்காரர் பதினொருவர், களம் 100 கெஜம்.

ஃபுல்பேக் என்னும் இடத்தில் நிற்பவரின் வேலை எளிமையானது, கொடுமையானது. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மனிதச் சுவருக்குள் தலையைக் கொடுக்க வேண்டும். மூன்று கெஜம், நான்கு கெஜம். விழ வேண்டும், எழ வேண்டும், மறுபடியும் அதே சுவர். நம் சடுகுடுவில் பாடிப்போகிறவன் பத்துக் கைகளுக்கிடையில் கோட்டைத் தொடத் துடிக்கிறானே, அந்தத் துடிப்பை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். பாடிப்போகிறவன் தன் எல்லைக்குத் திரும்ப வேண்டும். இவர் திரும்புவதில்லை, முன்னால்தான் போக வேண்டும்.

நார்மன் குவாங் இந்த வேலையைப் பதின்மூன்று பருவங்கள் செய்தவர். முதல் மூன்று பருவங்கள் கால்கரி ஸ்டாம்பிடர்ஸ் அணியில். பின்னர் 1960 வரை எட்மண்டன் அணியில். கனடாவின் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் சீன வம்சாவளியினர் அவரே.

*

'முதல்' என்ற சொல்லை நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். ஏன் அதற்கு முன் ஒருவருமில்லை என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே நிற்கிறது.

கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதையின் மிகக் கடினமான மலைப்பகுதிகளில் 1880களில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் வேலை செய்தனர். பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே, இனி வரும் சீனர் ஒவ்வொருவரும் 50 டாலர் தலைவரி கட்ட வேண்டுமென்று சட்டம் வந்தது. 1900இல் அது 100 டாலராயிற்று. 1903இல் 500 டாலர். ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் டாலர் இவ்வாறு வசூலானது. வேறெந்த நாட்டிலிருந்து வந்தவர்க்கும் இத்தகைய தலைவரி இல்லை.

பிறகு 1923 ஜூலை 1. கனடா தன் பிறந்தநாளைக் கொண்டாடும் நாள். அன்று நடைமுறைக்கு வந்த சீனக் குடிவரவுச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர்த்து, சீனர் நாட்டுக்குள் வருவதையே நிறுத்திவிட்டது. ஏற்கெனவே கணவன் அங்கேயிருக்க, மனைவியும் பிள்ளைகளும் சீனத்துக் கிராமத்திலிருந்த குடும்பங்கள் ஒன்றுசேர வழியில்லாது போயின. கனடாவிலேயே பிறந்த சீனக் குழந்தைகளும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தரப்பட்ட சான்றிதழிலேயே, இது கனடாவில் எந்தச் சட்ட உரிமையையும் நிறுவாது என்ற பொருளில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. ஜூலை 1ஐச் சீனர் அவமான நாள் என்றழைத்துக் கடைகளை அடைத்து வைத்தனர்.

இந்தக் கதவு மூடியிருந்த காலத்தில், 1929 அக்டோபர் 24ஆம் நாள், கால்கரியில் மளிகைக்கடை நடத்திவந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் சீனத்தின் குவாங்டாங் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவருக்கு இட்ட பெயர் லிம் குவாங் யூ. சீன மரபில் குடும்பப்பெயர் முன்னால் வரும். ஆகவே அவர் லிம் குடும்பத்துப் பிள்ளை. ஆங்கிலப் பதிவுகளில் அது எப்படியோ முன்பின்னாக மாறி, நார்மன் லிம் குவாங் ஆயிற்று. குடிப்பெயர் நடுவில் ஒடுங்கிவிட, தனக்கென இட்ட பெயரின் ஒரு துண்டு குடும்பப்பெயராகி அவருடைய பிள்ளைகளுக்கும் சென்றது.

வகுப்பில் பெயர் கூப்பிடுகிற தொழிலிலிருப்பவனாகையால் எனக்கு இந்தச் செய்தியைக் கடந்துசெல்ல முடியவில்லை. தலைப்பெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாடு போன நம்மவர் பலரும் அங்கே தந்தையின் பெயரால் அழைக்கப்படுவதை நாமறிவோம். படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அத்தனைதான் மனிதனுக்குப் பெயர். குவாங் தம் வாழ்நாள் முழுவதும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருந்தார். அதை வெற்றியும் பெற்றதாக்கிவிட்டார் என்பது வேறு.

பத்திரிகைகள் அவருக்கு இன்னொரு பெயரும் வைத்தன: 'சீனா கிளிப்பர்'. அது 1935இல் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அஞ்சல் கொண்டுசென்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கடல்விமானத்தின் பெயர். வேகத்துக்காகச் சூட்டிய பெயர்தான், அன்பும் அதிலிருந்திருக்கும். ஆயினும் கால்கரியில் பிறந்து கால்கரியின் வெஸ்டர்ன் கனடா உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒருவர், ஆடுகளத்தில் ஒவ்வொரு முறை நன்றாக ஓடியபோதும் சீனாவோடு சேர்த்தே அழைக்கப்பட்டார்.

*

விலக்குச் சட்டம் 1947 மே மாதம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குவாங் ஸ்டாம்பிடர்ஸ் அணியில் சேர்ந்தார். ஒரு தோல்வியுமின்றி அந்தப் பருவத்தை முடித்த கால்கரி, டொரன்டோவில் நடந்த இறுதியாட்டத்தில் ஆட்டவா அணியை 12-7 என்று வென்று கிரே கோப்பையைப் பெற்றது. அந்த நகரத்துக்கு அதுவே முதல் கோப்பை. கால்கரி மக்கள் தனி ரயிலில் குதிரைகளோடு டொரன்டோவுக்குப் போய்த் தெருவில் ஆடிப்பாடிக் கொண்டாடிய கதையை அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். குவாங்குக்கு அப்போது பத்தொன்பது வயது.

1951இல் எட்மண்டனுக்கு மாறினார். அந்த அணிக்கு அப்போதிருந்த பெயர் எஸ்கிமோஸ். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களைக் குறிக்கப் பிறர் வைத்த அந்தச் சொல் இழிவானதென்று 2020இல் கைவிடப்பட்டு, 2021இல் எல்க்ஸ் என்று மாற்றப்பட்டது. 'சீனா கிளிப்பர்' என்ற பட்டத்தோடு ஒருவர், தமக்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு மக்களின் பெயர்கொண்ட அணிக்காகப் பத்துப் பருவங்கள் ஆடினார் என்பதை இன்று நினைக்க வியப்பாக இருக்கிறது. அன்று யாரும் வியந்ததாகத் தெரியவில்லை.

1954, 1955, 1956 என்று அடுத்தடுத்து மூன்றாண்டுகள் எட்மண்டன் கிரே கோப்பையை வென்றது. மூன்று முறையும் எதிரணி மான்ட்ரியால் அலூயட்ஸ். முதலாம் முறை 26-25, ஒரே ஒரு புள்ளி. 1956இல் குவாங் ஒரே பருவத்தில் 1,437 கெஜங்கள் ஓடினார். கனடிய ஆட்டக்காரர் ஒருவர் அந்த எண்ணைக் கடப்பதற்கு 56 ஆண்டுகளாயின; 2012இல் ஜான் கார்னிஷ் 1,457 கெஜங்கள் ஓடி அதைக் கடந்தார். கார்னிஷ் ஆடியது கால்கரி அணிக்காக.

1955, 1956 ஆகிய இரண்டாண்டுகளிலும் குவாங் பெற்ற பரிசொன்றின் பெயரை நான் இரண்டு முறை வாசித்தேன்: 'மிகச் சிறந்த கனடியர்'. அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் நிறைய வந்துகொண்டிருந்ததால், எத்தனை பேர் வெளிநாட்டவராக இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்து, உள்நாட்டவருக்கென்று தனிப்பரிசும் வைத்திருந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன்புவரை எந்த மக்களை முழுக் குடிகளாக ஏற்கச் சட்டம் மறுத்ததோ அந்த மக்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மிகச் சிறந்த கனடியர் என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

மொத்தம் எத்தனை கெஜம் ஓடினார்? 9,022 என்கிறது பதிவு. சராசரியாக ஓர் ஓட்டத்துக்கு 5.2 கெஜம், அதாவது மூன்று வாய்ப்பில் பத்து கெஜம் கேட்கும் ஆட்டத்தில் இவர் கணக்குக்கு இரண்டு ஓட்டமே போதும். ஆனால் அந்த 9,022 என்பது 1950 முதலான பதினொரு பருவங்களின் கணக்கே. முதலிரண்டு பருவங்களில் யாரும் கெஜக் கணக்கு எழுதிவைக்கவில்லை. கோப்பையை வென்ற 1948ஆம் ஆண்டின் ஓட்டங்களும் அந்தக் கணக்கில் இல்லை.

அந்த எண்ணை நான் கிலோமீட்டராக்கிப் பார்த்தேன். எட்டேகால் கிலோமீட்டர். காலை நடையில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அந்தத் தூரத்தை அவர் பதினொரு ஆண்டுகள் விழுந்து விழுந்து கடந்தார்.

*

1960இல் ஆடி முடித்தார். வயது முப்பத்தொன்று. என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

புகழ்பெற்ற ஆட்டக்காரர் அப்படியே நிர்வாகியாகி மேலே போனார் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அவ்வாறே பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் அப்படியில்லை. 1960இல் ஓய்வு, ஓர் அணியின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தது 1988இல். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். பங்குத் தரகராக வேலை செய்தார். வணிகக் கட்டடங்கள் வாங்கி விற்கும் நிலத்தொழில் செய்தார். மனைவி மேரி, நான்கு மகன்கள். 1971இல் ஆல்பர்ட்டா மாகாணத் தேர்தலில் முற்போக்குப் பழமைவாதக் கட்சி வேட்பாளராகக் கால்கரியின் ஒரு தொகுதியில் நின்றார். அந்தத் தேர்தலில் அவருடைய கட்சி முதன்முறையாக ஆட்சியைப் பிடித்தது. அவர் தோற்றார்.

அந்தத் தோல்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கட்சியே வென்ற தேர்தலில் தோற்பதன் கசப்பைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கோப்பை வென்றுதந்த எட்மண்டன் ஒருபுறமிருக்கட்டும், பிறந்த ஊரே வாக்களிக்கவில்லை. சுவருக்குள் தலையைக் கொடுத்து ஒரு கெஜமும் கிடைக்காத ஓட்டம் அது. அவர் எழுந்து தம் தொழிலுக்குப் போனார்.

1980இல் அட்லான்டாவிலிருந்த பனிவளைகோல் பந்தாட்ட அணியொன்றைக் கால்கரிக்குக் கொண்டுவந்த உரிமையாளர் குழுவில் குவாங்கும் ஒருவர். கால்கரி ஃபிளேம்ஸ் என்பது அதன் பெயர். அவரைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் எண்ணெயிலும் கட்டடத் தொழிலிலும் செல்வம் சேர்த்தவர்கள். 1989இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அங்கேயும் எதிரணி மான்ட்ரியால்தான்.

இதற்கு முந்தைய ஆண்டே, தாம் முதன்முதலில் ஆடிய ஸ்டாம்பிடர்ஸ் அணியின் தலைவராகவும் பொது மேலாளராகவும் பொறுப்பேற்றிருந்தார். அது பொறுப்பேற்கத் தகுந்த காலமன்று. 1980களின் நடுவில் அந்த அணி கடனில் மூழ்கப்பார்த்தது. ஊர்மக்கள் பருவச்சீட்டு வாங்கிக் கரையேற்ற வேண்டியிருந்தது. லீக் முழுவதுமே தள்ளாடிக்கொண்டிருந்தது. குவாங் மூன்று இறுதியாட்டங்களில் வென்ற அந்த மான்ட்ரியால் அலூயட்ஸ், 1987 பருவம் தொடங்கும் தறுவாயில் கலைக்கப்பட்டுவிட்டது. பழைய எதிரியே இல்லாமற்போன ஆட்டத்துக்கு அவர் திரும்பி வந்தார்.

பொது மேலாளரின் வேலையில் கைதட்டல் இல்லை. யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, எத்தனை சீட்டு விற்றது, எத்தனை கனடியர் இருந்தாக வேண்டும் என்ற கணக்குகள். தாம் ஆடிய காலத்தில் எழுதப்படாத கணக்கை ஈடுகட்டுவதைப்போல, மனிதர்களின் கெஜங்களை எண்ணிக் கூட்டிக் கழிக்கிற வேலை. இதில் அவர் காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1990இல் உதவிப் பயிற்சியாளராக இருந்த வாலி புவோனோ தலைமைப் பயிற்சியாளராக்கப்பட்டார். இத்தாலியில் பிறந்து மான்ட்ரியாலில் வளர்ந்து, கலைக்கப்பட்ட அந்த அலூயட்ஸ் அணிக்காகவே ஆடியவர் புவோனோ. தலைமைப் பொறுப்பில் முன்னனுபவம் இல்லாதவர். 2018இல் அவர் ஓய்வுபெற்றபோது அவர் பெயரில் 282 வெற்றிகள் இருந்தன. அந்த லீக்கின் வரலாற்றில் வேறெந்தப் பயிற்சியாளருக்கும் அத்தனை இல்லை.

1991இல் கால்கரி இறுதியாட்டத்துக்கு வந்தது. வின்னிபெக்கில் கடுங்குளிரில் நடந்த அந்த ஆட்டத்தில் எதிரே டொரன்டோ அணி. அதன் உரிமையாளர்களில் பனிவளைகோல் பந்தாட்டத்தின் பெரும் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் திரைப்பட நடிகர் ஜான் கேண்டியும் இருந்தனர். அமெரிக்காவிலிருந்து பெரும்பொருள் கொடுத்து அழைத்துவந்த ராகிப் இஸ்மாயில், உதைத்துவிட்ட பந்தைப் பிடித்து 87 கெஜங்கள் ஓடிப் புள்ளியெடுத்தார். டொரன்டோ 36, கால்கரி 21. குவாங்கின் நிர்வாகத்தில் அணி கோப்பைக்கு மிக நெருங்கியது அவ்வளவுதான். அவர் விலகிய பின் 1992இல் புவோனோவின் அணி கோப்பையை வென்றது. அப்போது அவர் பொறுப்பில் இல்லை.

*

நம் முன்னோர் வீரனுக்கு நடுகல் நட்டு அதில் பெயர் பொறித்தனர். கனடியர் தம் கோப்பைகளில் பொறிக்கிறார்கள். கிரே கோப்பை, ஸ்டான்லி கோப்பை இரண்டிலும் பெயர் கண்ட மிகச் சிலரில் குவாங் ஒருவர். ஒன்றில் ஆட்டக்காரராக, மற்றொன்றில் உரிமையாளராக.

அந்தக் கோப்பைகளுக்குப் பெயர் தந்தவர்கள் யார் என்று பார்த்தேன். இருவருமே பிரிட்டிஷ் முடியின் பிரதிநிதியாகக் கனடாவை ஆண்ட கவர்னர் ஜெனரல்கள். ஸ்டான்லி பிரபு 50 டாலர் தலைவரி நடப்பிலிருந்த காலத்தில் அப்பதவியிலிருந்தவர். கிரே பிரபு 500 டாலர் காலத்தில் இருந்தவர். அவர்கள் கொடுத்த வெள்ளியில் லிம் குடும்பத்துப் பிள்ளையின் பெயர், தவறிய குடிப்பெயரோடு, பொறிக்கப்பட்டது.

கதை அங்கே நிற்கவில்லை. 2005 ஜனவரியில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் துணைநிலை ஆளுநராகக் குவாங் பதவியேற்றார், முடியின் பிரதிநிதி. மாகாணத்தின் சட்டங்கள் அவர் ஒப்புதல் பெற்றே சட்டமாகும். அந்தப் பதவியை வகித்த முதல் சீன வம்சாவளியினர் அந்த மாகாணத்தில் அவர்தான். அவரை நியமித்த கவர்னர் ஜெனரல் அட்ரியென் கிளார்க்சன் ஹாங்காங்கில் பிறந்து, 1942இல், விலக்குச் சட்டம் நடப்பிலிருந்தபோதே, சிறுமியாக அகதியாய் வந்தவர். அவ்வாண்டு ஆல்பர்ட்டா மாகாணம் உருவாகி நூறாண்டு நிறைவு. விழாவுக்கு வந்த அரசி எலிசபெத்தை மாகாணத்தின் சார்பில் வரவேற்றவர் மளிகைக்கடைக்காரரின் மகன்.

2006 ஜூன் 22ஆம் நாள் கனடிய நாடாளுமன்றத்தில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் தலைவரிக்காகவும் விலக்குச் சட்டத்துக்காகவும் மன்னிப்புக் கேட்டார். கான்டனீஸ் மொழியிலும் ஒரு வாக்கியம் சொன்னார். அவர் கால்கரியின் உறுப்பினர். அன்று குவாங் துணைநிலை ஆளுநராக இருந்தார். தலைவரி கட்டியவர்களில் உயிரோடிருந்தவர்க்கும், இறந்தவர்களின் துணைவியர்க்கும் 20,000 டாலர் வழங்கப்பட்டது. கட்டிய பெரும்பாலோர் அதற்கு முன்பே இறந்துவிட்டனர்.

இந்த இடத்தில் நான் தயங்கி நின்றேன். இப்படியொரு வாழ்க்கையை எடுத்து, பார், முயன்றால் முடியும் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் வகுப்பில் சொல்லியிருப்பேன். ஆனால் ஒருவர் சுவரைத் தாண்டினார் என்பது சுவருக்கு நற்சான்று ஆகாது. குவாங் ஓடிய ஒவ்வொரு கெஜத்துக்கும் பின்னால், ஊர் திரும்ப முடியாமலும் மனைவியை அழைத்துக்கொள்ள முடியாமலும் சலவைக்கடையிலும் சமையலறையிலும் தனியே முதுமையடைந்த ஆண்கள் இருந்தார்கள். அவர்களும் உழைக்காதவர்களில்லை. அவர்களுக்கு மூன்று வாய்ப்புகூடத் தரப்படவில்லை.

குவாங் 2010 மே வரை அப்பதவியில் இருந்தார். 2016 செப்டம்பர் 3ஆம் நாள் கால்கரியில் காலமானார். ஆடி முடித்தபின் ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். ஆடியது பதின்மூன்று. என் கேள்விக்கு 1960இல் அவரிடமும் விடை இருந்திருக்காது. அந்தக் கேள்வியை எவரேனும் அவரிடம் கேட்டு, விடை சொல்லாததால் களத்துக்குப் போகவிடாமல் நிறுத்தியிருந்தால் என்ற நினைப்புத்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

*

உடற்கல்வி இயக்குநரிடம் எண் வாங்கி அந்த மாணவனைத் தேடிப்போனேன். சந்தைக்குக் காய்கறி ஏற்றும் 'குட்டி யானை' ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வண்டியைவிட்டு இறங்கி, "ஐயா, இங்கெங்க?" என்றான். கோபத்தை எதிர்பார்த்துப் போனவனுக்கு அவனுடைய மரியாதை அதிகம் உறுத்திற்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வந்ததை நேரே சொல்லத் தைரியமின்றி, குவாங் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ஆளுநர் பதவி, அரசி, கோப்பை எதிலும் அவன் மனம் செல்லவில்லை.

"மொத ரெண்டு வருசம் ஓடுனதை எழுதவே இல்லீங்களா ஐயா?"

"இல்லை."

"கணக்கு எழுத வேண்டியவங்க யாரு?"

என் பதிவேட்டை நினைத்துக் கேட்டானா, வெறுமனே கேட்டானா, அறியேன். அந்தப் பையனின் முகத்தில் கள்ளமில்லை. நான்தான் தம்ளரைக் கீழே வைத்தேன். அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். விட்ட பருவத்திலிருந்து மறுபடியும் சேர்ந்து படிக்க வழியிருக்கிறது, விண்ணப்பப் படிவம் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேனென்றும் சொல்லவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது.

இப்போது ஓ.டி. கடிதம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன். போன மாதம் மாலையில் மைதானத்து ஓரமாகப் போனபோது கபடி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, நின்றேன். புள்ளி எழுதுகிற பையன் அன்று வரவில்லையாம். உடற்கல்வி இயக்குநர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாளையும் பேனாவையும் நீட்டினார். விதிகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு முறை கேட்டுத் திருத்திக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை எழுதினேன்.